வாய் சொல்லுது, கை எழுதலை

(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் எல்லாவற்றையும் எனக்கு முன்னால் பேசியவர்கள் நல்லாச் சொல்லிட்டாங்க. எனக்குக் கொடுத்த தலைப்பு பிள்ளைகளின் கல்வி. அது பெரிய கடல். நான் பத்தாவது வரைக்கும் படித்த குடும்பப் பெண். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறேன். நம் ஊரில் சில பிள்ளைகளைப் பார்த்து "அதுக்குப் படிப்பு ஏறலை"ன்னு சொல்லிடறோமே, அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான்.

ஏறலைன்னா ஏன் ஏறலைன்னு நாம் கேட்கிறதில்லை. மாடு தண்ணி குடிக்கலைன்னா வாயைத் திறந்து பார்க்கிறோம், வைத்தியரைக் கூப்பிடுறோம். பம்புசெட் தண்ணி ஏத்தலைன்னா மெக்கானிக்கைக் கூப்பிடுறோம். பிள்ளைக்குப் படிப்பு ஏறலைன்னா மட்டும் "அது தலையெழுத்து"ன்னு விட்டுடறோம். இல்லேன்னா அடிக்கிறோம்.

படிப்பு வராததற்குப் பல காரணம் உண்டு. அதில் ஒரு காரணத்துக்கு டிஸ்லெக்ஸியா என்று பெயர். தமிழில் வாசிப்புக் குறைபாடு என்றும், பொதுவாகக் கற்றல் குறைபாடு என்றும் சொல்கிறார்கள். அரசாங்கக் காகிதங்களில் "குறிப்பிட்ட கற்றல் குறைபாடு" என்று இருக்கும். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது இல்லை. 2016ஆம் ஆண்டு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்லியிருக்கிறார்கள். அதில் இதுவும் ஒன்று. அதனால் இது யாரோ கட்டிவிட்ட கதை இல்லை, சட்டமே ஒத்துக்கொண்ட விஷயம்.

அது என்ன என்று எளிமையாகச் சொல்கிறேன். நாம் "அம்மா" என்ற சொல்லைப் பார்த்தவுடன் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. கண் எழுத்தைப் பார்க்கிறது, மூளை அந்த எழுத்துக்கு உரிய ஒலியை எடுத்துக் கொடுக்கிறது, ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்குகிறது. இதெல்லாம் கண் மூடித் திறக்கும் நேரத்தில் நடந்துவிடுகிறது. டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கு இந்த எழுத்தையும் ஒலியையும் சேர்க்கிற வேலை சுலபமாக நடப்பதில்லை. கண் நல்லாத் தெரியும். காது நல்லாக் கேட்கும். அறிவும் மற்ற பிள்ளைகள் மாதிரியேதான் இருக்கும். எழுத்துக்கிட்ட வந்தா மட்டும் வண்டி நின்னுடும்.

இது புதுசா வந்த வியாதியும் இல்லை. 1896ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஒரு மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதியிருக்கிறார். கெட்டிக்காரப் பையன், விளையாட்டிலும் குறைவில்லை, ஆனால் சின்னச் சின்னச் சொல்லைக்கூட வாசிக்க முடியவில்லை. எல்லாப் பாடத்தையும் வாயாலேயே நடத்தினால் இவன்தான் பள்ளியிலேயே முதல் பையனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். இதை எங்களுக்கு ஒரு பயிற்சியில் சிறப்பாசிரியர் சொன்னபோது, "அட, நம்ம ஊர்ல இந்த மாதிரி எத்தனை பிள்ளை!" என்றுதான் எனக்குத் தோன்றியது.

இங்கேதான் அக்கா, நான் சொல்ல வந்த முக்கியமான அடையாளம் இருக்கிறது. வாய்க்கும் நோட்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி. கேட்டா பதில் சொல்லும், எழுதச் சொன்னா வராது. கதையைக் காதால் கேட்டால் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்லும், அதே கதையைப் புத்தகத்தில் கொடுத்தால் முதல் வரியிலேயே திணறும். இந்த இடைவெளியை ஆசிரியரைவிட நாம்தான் சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும். ஏன்னா, ஆசிரியர் பெரும்பாலும் நோட்டைப் பார்க்கிறார். 30 பிள்ளைக்கு நடுவில் ஒரு பிள்ளை பேசுவதைக் கேட்க அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. பிள்ளையின் பேச்சையும் நோட்டையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் அம்மாவும் அப்பாயியும் அம்மாச்சியும்தான்.

வயது வாரியாகச் சில அடையாளங்களைச் சொல்கிறேன். இதில் ஒன்று இருந்தாலே குறைபாடு என்று பயந்துவிடக் கூடாது. பல அடையாளங்கள் சேர்ந்து இருக்க வேண்டும், மாசக்கணக்கில் மாறாமல் இருக்க வேண்டும்.

முதலில் அங்கன்வாடி வயது. சில பிள்ளைகள் தாமதமாகப் பேச ஆரம்பிக்கும். பேச ஆரம்பித்த பிறகும் ஒலியை இடம் மாற்றிச் சொல்லும். தக்காளியைக் "கத்தாளி" என்று சொல்லும். எல்லாக் குழந்தையும் கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லும், நாமும் சிரிப்போம். ஐந்து வயது தாண்டியும் அப்படியே சொன்னால் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் ஒரே மாதிரி முடிகிற சொற்களைப் பிடிக்க முடியாது. கிழமைகளை வரிசையாகச் சொல்ல வராது. தெரிந்த பொருளின் பெயர்கூடச் சட்டென்று வராமல் "அது, அதும்மா" என்று கையை ஆட்டும்.

அடுத்து ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை. நம் தமிழில் 247 எழுத்து. ஆனால் பிள்ளை 247ஐயும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதில்லை. க, கா, கி, கீ என்று ஒரு வரிசை பிடிபட்டால் அடுத்த வரிசை தானாக வரும். டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கு அந்தப் பிடி கிடைப்பதில்லை. ஒவ்வொரு எழுத்தையும் புதுசாகப் பார்க்கிற மாதிரியே பார்க்கும். துணைக்காலை விட்டுவிடும், "கால்" என்பது "கல்" ஆகும். புள்ளியும் ஒற்றும் காணாமல் போகும், "பட்டம்" என்பது "படம்" ஆகும். கொம்பு முன்னால் போடுவதா, ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று குழம்பும், "கொடி" என்பது "கெடி" ஆகும். எழுத்து இடம் மாறும், "மதுரை" என்பது "துமரை" ஆகும்.

வாசிக்கும்போது கவனித்தால் இன்னும் நல்லாத் தெரியும். முதல் எழுத்தை மட்டும் பார்த்து மீதியை ஊகித்துச் சொல்லும். "பாய்" என்று இருந்தால் "பால்" என்று சொல்லும். படத்தைப் பார்த்துச் சொல்லும். கிணறு என்று எழுதியிருக்கும், படத்தில் வாளியும் தண்ணீரும் இருக்கும், பிள்ளை "தண்ணி" என்று சொல்லும். பக்கத்தின் மேலே கஷ்டப்பட்டு வாசித்த அதே சொல், கீழே மறுபடி வரும்போது அறிமுகமே இல்லாத சொல் மாதிரி நிற்கும். சில பிள்ளைகள் பாடத்தைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்துவிடும். புத்தகத்தை விரித்து வைத்து கடகடவென்று சொல்லும், விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் வேறு வரியில் இருக்கும். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். அப்போது தெரியும்.

ஒரு விஷயம் தெளிவாகச் சொல்லணும். ல, ள, ழ மாறுவது, ன, ண மாறுவது, ர, ற மாறுவது மட்டும் டிஸ்லெக்ஸியா இல்லை. அதைப் பார்த்தால் நம்ம தீர்மான நோட்டு எழுதுகிற பாதிப் பேருக்கு இருக்கும். பேச்சில் வித்தியாசம் இல்லாததால் அந்தத் தவறு எல்லோருக்கும் வருகிறது. அதே மாதிரி, எழுத்தைத் திருப்பிப் போடுவது ஆறு வயதுவரை பல பிள்ளைகளிடம் இருக்கும். ஏழு, எட்டு வயது ஆன பிறகும், ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போயும், சொல்லிக் கொடுத்தும் எழுத்து கூட்ட வரவில்லை என்றால்தான் கவனிக்க வேண்டும்.

நான்காம் வகுப்புக்கு மேலே போனால் அடையாளம் வேறு மாதிரி வெளியே வரும். கரும்பலகையைப் பார்த்து எழுத ரொம்ப நேரம் ஆகும், மணி அடித்தும் பாதிதான் முடிந்திருக்கும். சத்தமாக வாசிக்கச் சொன்னால் பயம். பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் வயிற்று வலி, தலைவலி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராது. சில பிள்ளை வகுப்பில் கோமாளித்தனம் பண்ணும். வாசிக்க எழுப்பி விட்டு எல்லோரும் சிரிப்பதைவிட, தானே சிரிக்க வைத்துவிட்டு வெளியே நிற்பது மேல் என்று அதற்குத் தோன்றும். இன்னொரு வகைப் பிள்ளை வாயே திறக்காது. பெண் பிள்ளைகள் அநேகமாக இப்படித்தான். சேட்டை பண்ணாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பதால் யார் கண்ணிலும் படாது.

எழுதுவதில் மட்டும் சிக்கல் வரும் பிள்ளைகள் உண்டு, கணக்கில் மட்டும் சிக்கல் வரும் பிள்ளைகளும் உண்டு. அதற்கெல்லாம் தனித்தனிப் பெயர் இருக்கிறது. பெயர் நமக்கு வேண்டாம். பெயர் வைப்பது நம் வேலையே இல்லை. கவனிப்பதும் கேட்பதும்தான் நம் வேலை.

படிப்பு வராத எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் என்றும் நினைக்காதீர்கள். கண் மங்கலாகத் தெரிந்தால் வாசிக்க முடியாது. காதில் சீழ் வந்து கேட்கும் திறன் குறைந்திருக்கலாம். ரத்தசோகை இருந்தால் பிள்ளை சோர்ந்து போகும். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் அப்பா அம்மாவோடு போய், வருஷத்தில் பாதி நாள் பள்ளிக்கூடமே போகாத பிள்ளைக்கு எழுத்து எப்படி வரும்? கொரோனா காலத்தில் பள்ளி மூடியிருந்ததால் எழுத்து விட்டுப்போன பிள்ளைகளும் நிறையப் பேர். வீட்டில் தினமும் குடித்துவிட்டுச் சண்டை நடந்தாலும் படிப்பு ஏறாது. இதையெல்லாம் முதலில் பார்த்துத் தள்ளிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

சரி, கண்டுபிடிக்காமல் விட்டால் என்ன ஆகும்? எட்டாம் வகுப்பு வரை நம் மாநிலத்தில் ஃபெயில் போடுவதில்லை. அது நல்லதுதான். ஆனால் வாசிக்க வராத பிள்ளையும் சத்தமில்லாமல் எட்டு வரைக்கும் வந்துவிடும். ஒன்பதாவதில் தடுமாறும், பத்தாவதில் நின்றுவிடும். பையனா இருந்தா சென்ட்ரிங் வேலைக்கோ, லாரிக்கோ, திருப்பூருக்கோ போவான். பொண்ணா இருந்தா மில்லுக்கு அனுப்புவோம், இல்லேன்னா 18 வயசு ஆகுறதுக்கு முன்னாடியே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிப்போம். "படிப்புதான் வரலையே, வச்சிக்கிட்டு என்ன செய்ய?" என்போம். ஒரு பெண்ணின் வாழ்க்கையையே முடிவு பண்ணுகிற அந்தச் சொல், யாரும் சோதித்துப் பார்க்காத சொல். பத்து வருஷமாக ஒரு பிள்ளை "நான் மக்கு" என்று நம்பியே வளர்வது அதைவிடக் கொடுமை.

என் இளைய மகனுக்கு இந்தக் குறைபாடு இருக்கிறது. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை இங்கே சொல்கிறேன். இப்போது ஏழாம் வகுப்பு படிக்கிறான். இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது வாரச் சந்தைக்கு என்னோடு வருவான். என்ன காய் என்ன விலை, போன வாரம் என்ன விலை, கடைக்காரர் மீதி எவ்வளவு தரணும், எல்லாம் வாயிலேயே சொல்வான். வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தால் "வீடு" என்ற சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதியிருப்பான். இது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு மாதம் தேதி போட்டுக் குறித்து வைத்தேன். எந்தச் சொல்லை எப்படி வாசித்தான், எப்படி எழுதினான், வாயால் கேட்டால் என்ன சொன்னான் என்று. குழுவில் தீர்மான நோட்டு எழுதுகிற பழக்கம் அதற்கு உதவியது. அந்த நோட்டைக் கொண்டுபோய் வகுப்பு டீச்சரிடம் கொடுத்தேன். "என் பிள்ளை சரியாப் படிக்கலை"ன்னு சொல்லியிருந்தால் "வீட்ல படிக்க வைங்க"ன்னு அனுப்பியிருப்பாங்க. நோட்டைப் பார்த்ததும் டீச்சர் உட்கார வைத்துப் பேசினார்.

அங்கிருந்து போகவேண்டிய பாதையைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். முதலில் அரசு மருத்துவமனையில் கண், காது சோதனை. அடுத்து வகுப்பாசிரியர், தலைமையாசிரியர் மூலமாக வட்டார வள மையம். நாம் பி.ஆர்.சி. என்று சொல்வோமே, அதுதான். அங்கே உள்ளடங்கிய கல்விக்கு என்று சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கே வந்தும் பார்ப்பார்கள். அவர்கள் நடத்தும் மருத்துவ முகாமிலும் பிள்ளையைக் காட்டலாம். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வேனில் வரும் டாக்டர் குழு இருக்கிறதே, அவர்கள் பார்க்க வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. அவர்கள் வரும் நாளில் சும்மா எடை உயரம் பார்த்து அனுப்பிவிடாமல், "இந்தப் பிள்ளைக்கு வாசிக்க வரலைங்க, கொஞ்சம் பாருங்க" என்று கேட்க வேண்டும். அவர்கள் மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

அங்கே மனநல நிபுணர் பிள்ளைக்கு ஊசி போடுவதில்லை, ஸ்கேன் எடுப்பதில்லை. பேச்சுக் கொடுத்து, படம் காட்டி, வாசிக்க வைத்து, எழுத வைத்துச் சோதிப்பார். அறிவுத்திறன் எவ்வளவு, வாசிப்புத் திறன் எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்ப்பார். நான் சொன்ன வாய்க்கும் நோட்டுக்குமான இடைவெளியைத்தான் அவர் முறைப்படி அளந்து பார்க்கிறார். சான்றிதழ் கொடுப்பது பெரும்பாலும் எட்டு வயதுக்கு மேல்தான். ஆனால் சொல்லிக் கொடுப்பதற்கு எட்டு வயதுவரை காத்திருக்க வேண்டாம். சீக்கிரம் ஆரம்பித்தால் சீக்கிரம் பலன்.

சான்றிதழ் எதற்கு என்று சில பேர் தயங்குகிறார்கள். "மாற்றுத்திறனாளின்னு எழுதிட்டா நாளைக்கு யாரு பொண்ணு தருவா, யாரு கட்டிக்குவா?"ன்னு கேட்கிறாங்க. அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் பத்தாவது, பன்னிரண்டாவது பொதுத் தேர்வில் இந்தப் பிள்ளைகளுக்குச் சலுகை இருக்கிறது. கூடுதலாக ஒரு மணி நேரம் தருகிறார்கள். பிள்ளை சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஆள் தருகிறார்கள். மொழிப்பாடத்தில் விலக்கும் கேட்கலாம். வாயில் பதில் வைத்திருக்கிற பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? இதெல்லாம் தேர்வுக்கு முதல் வாரம் போய்க் கேட்டால் கிடைக்காது. ஒன்பதாவது படிக்கும்போதே சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு தலைமையாசிரியர் மூலமாக விண்ணப்பிக்க வேண்டும். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. காசு இல்லாத எண்தான், கூப்பிட்டுக் கேளுங்கள்.

இதற்கு மாத்திரை இல்லை. ஞாபக சக்தி டானிக், மந்திரிச்ச கயிறு, ஒரு மாசத்தில் மூளையைக் கூர்மையாக்கும் வகுப்பு என்று எதற்கும் காசு கொடுக்காதீர்கள். இது முழுசாக மறைந்துபோகிற விஷயமும் இல்லை. ஆனால் சரியான முறையில் சொல்லிக் கொடுத்தால் வாசிக்க வரும். கண், காது, வாய், கை எல்லாவற்றையும் ஒன்றாக வேலை வாங்குவதுதான் அந்த முறை. நம் வீட்டில் இருப்பதை வைத்தே செய்யலாம்.

முறத்தில் தவிட்டையோ மணலையோ பரப்பி, பிள்ளையின் விரலால் பெரிசாக எழுத்தை எழுத வையுங்கள். எழுதும்போதே அந்த ஒலியைச் சத்தமாகச் சொல்லட்டும். ஒரு நேரத்தில் ஓர் எழுத்து வரிசை போதும், அது பிடிபட்ட பிறகு அடுத்தது. சொல்லைக் கைதட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். "தக்காளி" என்றால் த, க், கா, ளி. ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு புளியங்கொட்டையை வைக்கலாம். பிறகு ஒரு கொட்டையை எடுத்துவிட்டு "இப்ப என்ன சொல்லு?" என்று கேட்டால் அதுவே விளையாட்டாகிவிடும். வாசிக்கும்போது ஒரு காகிதத்தில் ஒரு வரி அளவுக்கு வெட்டி வைத்து, அந்த வரி மட்டும் தெரிகிற மாதிரி நகர்த்துங்கள், கண் அங்குமிங்கும் ஓடாது. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் போதும், ஆனால் தினமும். பிறகு நீங்கள் ஒரு பக்கம் வாசித்துக் காட்டுங்கள். அறிவியலும் சமூக அறிவியலும் காதால் கேட்டே வளரட்டும். எழுத்து வரும்வரைக்கும் அறிவு காத்துக் கிடக்கக் கூடாது.

தவறாக எழுதிய சொல்லை நூறு தடவை எழுத வைக்காதீர்கள். அந்தப் பிள்ளை தவறான சொல்லையே நூறு தடவை எழுதும். மற்ற பிள்ளைகள் முன்னால் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முன் வரிசையில் உட்கார வைக்கவும், வாய்மொழியாகக் கேள்வி கேட்கவும் சொல்லுங்கள். அக்கா தம்பியோடு ஒப்பிடாதீர்கள்.

என் மகன் இப்போது பக்கம் பக்கமாக வாசிக்கிறான் என்று பொய் சொல்ல மாட்டேன். மெதுவாக வாசிக்கிறான். இன்னும் ஒற்றை விடுகிறான். ஆனால் பஸ் போர்டைப் பார்த்துத் தனியாக ஏறுகிறான், பாடத்தை வாசித்துக் கேட்டால் அர்த்தம் சொல்கிறான், காலையில் வயிற்று வலி வருவதில்லை. இந்தக் கடைசி விஷயமே எனக்குப் பெரிய லாபம்.

2007இல் ஆமிர் கான் எடுத்த 'தாரே ஜமீன் பர்' என்ற இந்திப் படத்தில் இப்படி ஒரு பையன் வருவான், ரொம்ப அழகாகப் படம் வரைவான். அதைப் பார்த்துவிட்டு "இந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் ஏதோ பெரிய திறமை ஒளிஞ்சிருக்கும்"னு சொல்றாங்க. இருந்தால் சந்தோஷம். இல்லாமலும் போகலாம். ஓவியராகவோ விஞ்ஞானியாகவோ ஆகப்போகிற பிள்ளைக்கு மட்டும்தான் சொல்லிக் கொடுக்கணும்னு இல்லை. சாதாரணப் பிள்ளைக்கும் வாசிக்கிற உரிமை இருக்கிறது.

இப்போது நம் குழு விஷயத்துக்கு வருகிறேன். நம் குழுக்களில் உள்கடன் எதற்கு வாங்குகிறோம் என்று நோட்டைப் புரட்டிப் பாருங்கள். மருத்துவம், விவசாயம், பள்ளிக்கூட ஃபீஸ். பிள்ளைக்குத் தமிழ்ப் பள்ளியில் படிப்பு வரவில்லை என்று, கடன் வாங்கி இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். தமிழில் "பா" என்றால் எங்கே வந்தாலும் அநேகமாக அதே ஒலிதான். இங்கிலீஷில் பி-யூ-டி "புட்", ஆனா சி-யூ-டி "கட்". எழுத்தையும் ஒலியையும் சேர்ப்பதில்தான் பிள்ளைக்குச் சிக்கல். ஒலி சீராக இருக்கிற மொழியிலேயே திணறுகிற பிள்ளையை, ஒலி மாறி மாறி வருகிற மொழிக்குள் தள்ளினால் என்ன ஆகும்? இரண்டு வருஷத்தில் பிள்ளை திரும்பி வந்துவிடும், தவணை மட்டும் போய்க்கொண்டே இருக்கும். இங்கிலீஷ் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. படிப்பு வரலைன்னு கடன் கேட்டு ஒரு உறுப்பினர் வந்தால், கடன் கொடுப்பதற்கு முன்னால் "பிள்ளையைச் சோதித்துப் பார்த்தாச்சா?" என்று குழு ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்கிறேன். சோதனைக்கு அரசு மருத்துவமனையில் பஸ் செலவு மட்டும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் குறைபாடு குடும்ப வழியாகவும் வரும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். நம் குழுவில் சில அக்காமார் இருக்கிறார்கள். யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்கு எத்தனை தவணை பாக்கி என்று பைசா பிசகாமல் வாயாலேயே சொல்வார்கள். நோட்டைக் கொடுத்தால் "எனக்குப் படிப்பு ஏறலைடி, வாத்தியார் அடிச்சே துரத்திட்டாரு" என்பார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் இதுதான் இருந்ததோ? அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் வந்தபோது, என் அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார். வயசு போச்சு, இனி ஏறாதுன்னு ஊர் சொன்ன பொம்பளைகளுக்கே, பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தபோது ஏறியது. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஏறாதா?

ஆகவே நம் கூட்டமைப்புக்கு மூன்று கோரிக்கை வைக்கிறேன். மாதக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: "நல்லாப் பேசுது, ஆனா வாசிக்க வரலைன்னு யார் வீட்டிலாவது பிள்ளை இருக்கா?" இருந்தால் ஒரு மாதம் நோட்டில் குறித்து வைக்க உதவுவோம். எழுதத் தெரியாத அக்காவுக்குப் பக்கத்து வீட்டு உறுப்பினர் எழுதிக் கொடுக்கட்டும். இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள். அதாவது நாம்தான். அந்தக் கூட்டத்தில் வெறும் கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல், சிறப்பாசிரியர் நம் பள்ளிக்கு மாதம் எத்தனை நாள் வருகிறார் என்று கேட்போம், வராவிட்டால் தீர்மானம் போடுவோம். மூன்றாவது, மாவட்டத் தலைநகருக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகத் தயங்குகிற அம்மாவோடு குழுவிலிருந்து ஒருவர் துணைக்குப் போவோம். முதல் தடவை பேங்குக்குப் போகும்போது நாம் எல்லோரும் அப்படித்தானே ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு போனோம்?

"மக்கு" என்ற சொல்லை நம் ஊராட்சியில் எந்தப் பிள்ளையைப் பார்த்தும் யாரும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.